இது குடும்ப விவகாரமாம்!

"அது உங்கள் குடும்ப விவகாரம்."

குறையோடு பிறந்த பிள்ளைகளைத் தோட்டத்தில் வைத்து வளர்த்து வரும் தாய் தகப்பன்மாராகிய நாங்கள் இந்த வாக்கியத்தைத் தோட்ட ஆபீசில் கேட்டாயிற்று. பெரட்டுக் களத்தில் கேட்டாயிற்று. வேதனை என்னவெனில், நம் தொழிலாளத் தோழர்கள் சிலர் வாயாலும் கேட்டாயிற்று. சம்பளத்தைப் பற்றிப் பேசு, போனஸைப் பற்றிப் பேசு, கூரை ஒழுகுகிறது என்று பேசு. அதற்குச் சங்கம் உண்டு. பிள்ளைக்கு வலிப்பு வருகிறது, பேச்சு வரவில்லை, பத்து வயதாகியும் தானாகச் சாப்பிடத் தெரியவில்லை என்பதையெல்லாம் சங்கத்தில் கொண்டுவந்து வைக்கலாமா என்கிறார்கள். வைக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் கட்சி. கூலியோடும் வேலை நேரத்தோடும் குடியிருக்கும் வீட்டோடும் சம்பந்தமில்லாத குடும்ப விவகாரம் ஏதாவது தோட்டத்தில் உண்டா என்று கேட்கிறோம்.

ரப்பர் மரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். ஆகையால்தான் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, நம் பாட்டன் பாட்டிமார் காலந்தொட்டு, இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறோம். இது மரத்தின் சுபாவம்; யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த இருட்டு நேரத்தில் எங்கள் வீடுகளில் நடப்பது என்ன என்பதை நாடு அறிய வேண்டாமா? இரவு இரண்டு மணி வரை தூங்காமல் அலறிய பிள்ளையை நாலு மணிக்கு எழுப்ப வேண்டும். துணி மாற்ற வேண்டும். விறைத்துப்போன கைகால்களைத் தேய்த்து நீட்டிவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் மறுநாள் தசை இன்னும் இறுகிவிடும். வலிப்பு மருந்தை மணி தவறாமல் கொடுக்க வேண்டும். பிறகு சாப்பாடு. விழுங்கத் தெரியாத பிள்ளைக்குச் சோறூட்டுவது என்றால் என்னவென்று ஊட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சியைக் குழைத்து, கரண்டி கரண்டியாக, ஒவ்வொரு வாயும் உள்ளே போய்விட்டதா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். புரையேறியது நெஞ்சுக்குள் போனால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில். முக்கால் மணி நேரம் பிடிக்கும் இந்தக் காரியத்தை, பெரட்டு மணி காதில் விழுந்துகொண்டிருக்கும்போது செய்து பாருங்கள்.

மற்றப் பிள்ளைகள் வளர வளரத் தாய்க்கு வேலை குறைகிறது. எங்கள் பிள்ளைகள் வளர வளரப் பாரம் கூடுகிறது. மூன்று வயதில் இடுப்பில் தூக்கியதைப் பதின்மூன்று வயதில் எப்படித் தூக்குவது? காலையில் காண்டாவில் பால் வாளி சுமந்த அதே தோள்தான் பிற்பகலில் நாற்பது கிலோப் பிள்ளையைக் குளிப்பறைக்குச் சுமக்கிறது. காட்டில் சுமந்த பாலுக்கு ஸ்டோரில் தராசு உண்டு. எடை போட்டுப் புத்தகத்தில் ஏற்றிக் காசு கொடுக்கிறார்கள். வீட்டில் சுமப்பதற்குத் தராசு இல்லை.

சரி, வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? அந்தக் காலத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. வயதான ஒரு அம்மாள், நாலைந்து தொட்டில், ஒரு பால் அண்டா. பெரிய வசதி ஒன்றுமில்லை என்றாலும் காலை ஐந்து மணிக்கே கதவு திறந்திருக்கும். இன்று ரப்பர்க் காடுகள் செம்பனையாகிவிட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தை அழைத்து வருவதற்கு அனுமதியே கிடையாது. லயங்களில் குழந்தைகள் குறைந்தார்கள், கொட்டகைகள் பல தோட்டங்களில் மூடப்பட்டன. மூடாத இடத்தில் என்ன நடக்கிறது? கைக்குழந்தைகளை எடுத்துக்கொள்ளும் ஆயா, "இவன் ஓடுகிறான், கடிக்கிறான், என்னால் ஆகாது" என்கிறார். அந்த அம்மாளின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவருக்கு யார் என்ன கற்றுக் கொடுத்தார்கள்?

ஆகவே இரண்டே வழி. ஒன்று, மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பிக்குக் காவல் இருப்பது. தோட்டங்களில் இப்படிப் படிப்பை இழந்த அக்காள்மாரின் கணக்கை எந்த இலாகாவும் எடுத்ததில்லை. மற்றொன்றைச் சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறோம். சில வீடுகளில் பிள்ளையைத் தூணோடு துணியால் கட்டிவிட்டுப் போகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு, "இவர்கள் மனிதர்களா?" என்று சீறிய கனவான்கள் உண்டு. கனவான்களே, கட்டாமல் விட்டால் பிள்ளை சாலைக்கு ஓடும், குட்டையில் விழும், அடுப்பில் கை வைக்கும். கட்டாமல் காப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சோறு வேண்டும். உங்கள் கோபத்தில் அந்தச் சோற்றுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

இப்போது வெள்ளிக் கணக்குக்கு வருவோம்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சட்டப்படி அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. எங்கள் பிள்ளைக்கு நரம்பு டாக்டர் ஒரு நாள், கைகால் பயிற்சி ஒரு நாள், பேச்சுப் பயிற்சி வேறொரு நாள். ஒவ்வொன்றும் பட்டணத்து ஆஸ்பத்திரியில், வெவ்வேறு தேதியில். மூன்று நாள் போனால் 196 வெள்ளி போயிற்று. வண்டிக் கூலி தனி. மருத்துவ விடுப்பு உண்டே என்பீர்கள். அது தொழிலாளிக்கு நோய் வந்தால். பிள்ளைக்கு நோய் வந்தால் அல்ல. வருடாந்தர விடுப்போ, இரண்டாண்டு முடியாதவருக்கு 8 நாள், ஐந்தாண்டு தாண்டியவருக்கே 16 நாள். எங்கள் ஆஸ்பத்திரித் தேதிகள் அதைப் பாதி வருடத்திலேயே தின்றுவிடுகின்றன. தீபாவளிக்கு மறுநாள் வீட்டில் படுத்திருக்கும் பாக்கியம் எங்களுக்கு இல்லை.

தாய் வேலையையே விட்டுவிட்டால்? 1,700 வெள்ளி போகிறது. அத்தோடு நிற்கிறதா? ஊழியர் சேமநிதியில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி ஏற வேண்டியதும் நின்றுபோகிறது. ஆக, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாய் இன்றைய சோற்றை மட்டும் இழக்கவில்லை. தன் முதுமைக் காலத்துச் சோற்றையும் இழக்கிறாள்.

"அரசாங்கம்தான் உதவித்தொகை கொடுக்கிறதே!" என்று ஒரு கூட்டம் கிளம்பும். கொடுக்கிறது; இல்லை என்று சொல்ல மாட்டோம். 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களைப் பராமரிப்பதற்கான தொகை 350-லிருந்து 500 வெள்ளியாக்கப்பட்டது. வேலை செய்ய இயலாத உடற்பேறு குறைந்தோருக்கான தொகை 250-லிருந்து 300 ஆக்கப்பட்டது. ஆனால் முதலாவது, படுத்த படுக்கையானவருக்கு. இரண்டாவது, வயது வந்தவருக்கு. எட்டு வயதில் எழுந்து நடமாடி, ஒரு நிமிடம் கண் அசந்தால் வேலி தாண்டி ஓடிவிடும் பிள்ளை இரண்டிலும் சேராது. அதைப் பள்ளியின் சிறப்பு வகுப்பில் சேர்த்துவிட்டால் மாணவர் படி கிடைக்கும். அது பல ஆண்டுகளாக 150 வெள்ளி. பேம்பர்ஸ் வாங்கிப் பார்த்தவர்களுக்கு 150 வெள்ளி எத்தனை நாள் தாங்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சலுகையும் இருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரும். உடற்பேறு குறைந்த பிள்ளையை உடைய பெற்றோருக்கு வருமான வரியில் கழிவு! முன்பு 6,000 வெள்ளி. 2025-ஆம் வரி ஆண்டிலிருந்து 8,000 வெள்ளி. நல்லதுதான். ஆனால் 1,700 வெள்ளி வாங்குகிறவன் வருமான வரியே கட்டுவதில்லையே! கட்டாத வரியில் எதைக் கழிப்பது? பங்களாவில் இருப்பவர் பிள்ளைக்கு அரசாங்கம் 8,000 வெள்ளி அளவுக்கு மனமிரங்குகிறது. லயத்தில் இருப்பவன் பிள்ளைக்கு அதே சட்டத்தில் ஒரு காசு இல்லை. இதைச் சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களை நினைக்காமல் செய்தார்கள்; அதுதான் இன்னும் மோசம்.

சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் பார்த்துவிடுவோம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்படித்தான் நமது தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல தோன்றின. பத்துத் தலை எண்ணிப் பள்ளி வைத்த அந்தக் கணக்கு, பேச்சில் இல்லாமல் போனாலும் மனத்தில் இன்னும் போகவில்லை. எங்கள் பிள்ளை எந்தத் தோட்டத்திலும் ஒன்று அல்லது இரண்டு. பத்து என்றைக்கும் சேராது. கண் தெரியாதவர்களுக்கு மலாக்காவில் 1926-இலேயே இல்லம் வந்தது; 1948-இல் ஜொகூர் பாருவில் பள்ளி வந்தது; காது கேளாதவர்களுக்குப் பினாங்கில் 1954-இல் பள்ளி வந்தது. எல்லாம் போற்றத்தக்க பணிகளே. ஆனால் எல்லாம் பட்டணத்தில். 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் ஒரு புதிய யோசனை முளைத்தது: பிள்ளையைப் பட்டணத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகப் பயிற்சியை ஊருக்குள் கொண்டு போவது. சமூக மறுவாழ்வு மையம் என்று இன்று நாடெங்கும் ஐந்நூறுக்கு மேல் நடக்கின்றன. கம்பத்துக்குள் போன அந்த யோசனைக்குத் தோட்டத்து வாசலில் மட்டும் தடை. என்ன தடை? தோட்டம் தனியார் நிலமாம்! நம் முன்னோர் காடு வெட்டித் திருத்திய நிலம் நமக்கு ஓர் உதவி வரும்போது மட்டும் தனியார் நிலமாகிவிடுகிறது.

2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. நன்று. ஆனால் 1997-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகளின்படி, "கற்பிக்கத்தக்க" பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது. எங்கள் பிள்ளைகளில் பலரைத் தகாதவர் என்று திருப்பி அனுப்பினார்கள். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம் வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். பொதுக் கல்வியிலிருந்து அவர்களை ஒதுக்கக் கூடாது என்று 28-ஆம் பிரிவு சொன்னது. மகிழ்ச்சி 41-ஆம் பிரிவு வரைக்கும்தான். அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடர முடியாது என்று அங்கே எழுதி வைத்தார்கள். பள்ளிக்கு அனுப்பாத தகப்பனுக்குச் சிறை. பள்ளியில் இடம் தராதவருக்குக் கேள்வியே இல்லை. இதற்குப் பெயர் உரிமைச் சட்டமாம்.

இடம் கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. சிறப்பு வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகள் மிகச் சிலவே. ஆறு வருடம் பாடுபட்டு "அம்மா, தண்ணி, போதும்" என்ற மூன்று சொற்களைத் தமிழில் பிடித்துக்கொண்ட பிள்ளையை, மலாய் மொழி வகுப்பில் உட்கார வைத்தால் அந்த மூன்றையும் அது யாரிடம் சொல்லும்? மலாய் மொழியின் மேல் எங்களுக்குத் துவேஷம் கிடையாது. நாட்டு மொழி, எல்லாரும் கற்க வேண்டியது. பேச்சே பெரும்பாடாய் இருக்கிற பிள்ளைக்கு முதல் சொல் தாய்மொழியில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

இதுவரை வெளியாரைப் பேசினோம். நம்மவரையும் பேச வேண்டும்.

முற்பிறவிப் பாவம் என்கிறார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள், பத்தினி சாபம், எவனோ செய்வினை வைத்தான் என்கிறார்கள். எல்லாக் குற்றமும் தாயின் தலையில். பிறக்கும்போது மூச்சுத் திணறிப் போவதாலும், பிறந்த சில நாட்களில் மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைத் தாக்குவதாலும், கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ருபெல்லா காய்ச்சல் வருவதாலும், கருவில் குரோமோசோம் ஒன்று கூடிப்போவதாலும் இவை நேர்கின்றன என்று மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. காரணமே தெரியாதவையும் உண்டு. பாவம் என்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. கோழி அறுத்தும் தாயத்துக் கட்டியும் சாமியாடிக்குக் கொடுத்த வெள்ளியை ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிக் கூலிக்கு வைத்திருந்தால் சில பிள்ளைகள் இன்று நடந்திருக்கும். காமாலைக்கு வெளிச்சத்தில் வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அந்த நேரத்தைப் பூசாரி வாங்கிக்கொண்ட வீடுகளை நாங்கள் அறிவோம்.

ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டுக்குக் குறையுள்ள பிள்ளையை அழைத்துப் போக வெட்கப்பட்டு, மனைவியையும் பிள்ளையையும் வீட்டில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் வேட்டி மடித்துக் கட்டிப் புறப்படும் தகப்பன்மார் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு கள்ளுக்கடையே கதி என்று போனவர்களும் இருக்கிறார்கள். துக்கம் உங்களுக்கு மட்டுமா? அவள் எந்தக் கடைக்குப் போவாள்?

முன்பு 'ஊனம்' என்றார்கள். பிறகு 'உடற்பேறு குறைந்தோர்' ஆயிற்று. 'தனித் தேவையுடைய பிள்ளைகள்' என்று இப்போது சொல்கிறார்கள். மரியாதையான பெயர்தான், ஏற்றுக்கொள்கிறோம். தேவை தனி என்று ஒப்புக்கொண்டவர்கள், அந்தத் தேவைக்குச் செலவாகும் எங்கள் நேரத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

அப்படி ஒப்புக்கொள்வது புதுமையுமல்ல. வேலையில் விபத்து நேர்ந்து ஒரு தொழிலாளி எழ முடியாமல் போனால், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக சொக்சோ தனிப் படி கொடுக்கிறது. பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை, அதற்கும் விலை உண்டு என்று சட்டத்துக்குத் தெரிந்துதான் இருக்கிறது. மரத்தடியில் விழுந்தவனுக்கு உண்டு. பிறப்பிலேயே விழுந்தவனுக்கு இல்லை என்றால் என்ன நியாயம்?

திருத்தப்பட்ட 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2023 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். அறுபது நாளுக்குள் முதலாளி எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். ஆபீஸ் மேஜைகளை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது என்பதில் ஐயமில்லை. ரப்பர் மரத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆயினும் வீட்டுக்குப் பக்கத்து நிரையை ஒரு தாய்க்கு ஒதுக்க முடியும். ஆஸ்பத்திரி நாளில் நாள் மாற்றிக் கொடுக்க முடியும். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் காட்டில் நிற்காதபடி ஒருவரைப் பிற்பகல் வேலைக்குப் போட முடியும். மனமிருந்தால் மண்டோர் ஒருவரே ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய காரியங்கள் இவை. தோழர்களே, விண்ணப்பம் எழுதுங்கள். வாயால் கேட்டு வாயால் மறுப்பு வாங்கி வராதீர்கள். காகிதத்தில் கேட்டால்தான் காகிதத்தில் பதில் வரும், அந்தக் காகிதம் சங்கத்துக்குப் பயன்படும்.

அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் நாங்கள் கேட்பது அதிகமில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. டாக்டர் சீட்டைக் காட்டுகிறோம். கொட்டகை உள்ள இடத்தில் ஆயாவுக்குப் பயிற்சியும் கூட ஓர் ஆளும். கொட்டகை மூடிய இடத்தில் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்று. உரம் ஏற்ற வண்டி இருக்கிறது. பிள்ளைகளைச் சிறப்பு வகுப்புக்கு ஏற்றிச் செல்லவும் ஒன்று இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வீடு. அறுபது வயதில் ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது வயதாகியும் சட்டை மாட்டத் தெரியாத மகனோடு அந்தக் கிழவனும் கிழவியும் எந்த அடுக்கு மாடியின் எத்தனையாவது மாடிக்கு ஏறுவார்கள்?

நாங்கள் போன பிறகு இவனுக்கு யார் என்பதே எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. அதற்கு முழு விடை யாரிடமும் இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. பல வீடுகளுக்குத் தெரியாததால் சொல்கிறோம். சொக்சோவில் சந்தா கட்டிய தொழிலாளி இறந்தால் பிள்ளைகளுக்கு வரும் பென்ஷன் சாதாரணமாக 21 வயதோடு நின்றுவிடும். உடலாலோ மனத்தாலோ குறைபட்டுத் தானாகப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு அந்த வயது வரம்பு கிடையாது. அதற்குப் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் உடற்பேறு குறைந்தோர் அட்டையும் ஒழுங்காக இருக்க வேண்டும். அட்டை எடுக்காமல் "ஊர் என்ன சொல்லும்" என்று ஒளித்து வைத்திருக்கும் பெற்றோர்கள் இந்த மாதமே கிளைச் செயலாளரைப் பாருங்கள். பத்திரமே இல்லாத பிள்ளைகள் இன்னும் சில லயங்களில் இருக்கிறார்கள்; அவர்கள் முதலில் வரட்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். குடும்ப விவகாரம் என்று ஒதுக்க நினைப்பவர்கள் எழுந்து நின்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பிள்ளைகளை விட்டுவிட்டு வர எங்களுக்கு ஆள் கிடையாது. ஆகையால் அழைத்துக்கொண்டே வருவோம். ஒருவன் கத்துவான். ஒருத்தி மேஜைமேல் இருப்பதையெல்லாம் இழுப்பாள். தலைவர் அவர்கள் மினிட் புத்தகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.